அம்மாவுக்கு ஒரு லோயர் பெர்த்

லட்டிங்டன் ஸ்டேட் பார்க்கில் கூடாரம் போட்ட இரண்டாவது ராத்திரி. மணி மூன்று இருக்கும். மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து வந்த மழை, கூடாரத் துணிமேல் யாரோ சரளைக்கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அம்மா எழுந்து உட்காரப் பார்ப்பது அரைத் தூக்கத்தில் எனக்குத் தெரிந்தது. காற்றடைத்த மெத்தை. ஒரு கையை ஊன்றினால் அந்தப் பக்கம் உள்ளே போகிறது, மறு பக்கம் மேலே எழும்புகிறது. முழங்கால் வலிக்காரி எங்கே ஊன்றி எழுந்திருப்பாள்? நான் எழுந்து கை கொடுத்தேன். டார்ச்சும் குடையுமாகக் கழிப்பறைக் கட்டடம் வரை போய் வந்தோம். திரும்பி வரும்போது அம்மாவின் நைட்டி முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு எட்டு. எண்ணிண்டே வந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலேயே, "அடுத்த தடவை நான் வீட்டைப் பாத்துக்கறேன்டி. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்கோ" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது தாங்கவில்லை. கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வருகிறவள். அந்த ஆறு மாதத்தில் மிச்சிகனின் கோடைக்காலம் மூன்று மாதம்கூட இருக்காது. அந்த மூன்று மாதத்திலும் நாங்கள் காட்டுக்குப் போக, அவள் கேன்டனில் எங்கள் வீட்டு நாலு சுவருக்குள் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? 2022 ஆகஸ்ட் மாதம் அது. ஊர் திரும்பிய வாரமே, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடான டிராவல் டிரெய்லர் தேட ஆரம்பித்தோம்.

மழையில் நனைந்து டிரெய்லருக்கு வந்தவர்களில் எங்களுக்கு மூத்தவர் இதே மிச்சிகனில் ஒருவர் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆர்தர் ஷெர்மன் என்று டெட்ராய்ட்டுக்காரர். தொழில் மருந்துக் கம்பெனி, படிப்பு பாக்டீரியா ஆராய்ச்சி. 1929-இல் ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விற்ற ஒரு மடிப்பு டிரெய்லரை வாங்கிக்கொண்டு மனைவி, குழந்தைகளோடு முகாமுக்குப் போனார். முதல் ராத்திரியே இடியோடு மழை. அதை விரிக்க முடியாமல் மொத்தக் குடும்பமும் தொப்பலாக நனைந்தது. ஊருக்கு வந்து தானே ஒன்றை வடிவமைத்துச் செய்யச் சொன்னார். 6 அடி அகலம், 9 அடி நீளம், கெட்டியான சுவர். உள்ளே அடுப்பு, ஐஸ் பெட்டி, அலமாரி, நடுவில் ஒரு குறுகலான நடை. 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் 'கவர்டு வேகன்' என்ற பெயரில் 400 டாலருக்கு வைத்தார். அந்த ஆண்டு 118 விற்றது. 1936-க்குள் அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையதுதான். ஒரு குடும்பஸ்தனின் ஈரமான ராத்திரியிலிருந்து இவ்வளவும் வந்தது என்பதைப் படித்தபோது எனக்குத் தெம்பாக இருந்தது. எங்கள் கஷ்டம் நியாயமான கஷ்டம்தான்!

அடுத்த பிப்ரவரியில் நோவையில் நடக்கிற ஆர்.வி. (இப்படிப்பட்ட வீட்டு வண்டிகள்) கண்காட்சிக்குப் போனோம். வெளியே பனி, உள்ளே வரிசை வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் எல்.இ.டி. விளக்கு, மின்சாரக் கணப்பு, சோபா, தீவு மேடை வைத்த சமையலறை. என் பெண்ணுக்குப் பதினொரு வயது, பையனுக்கு ஏழு. இரண்டு பேரும் பார்த்த ஒவ்வொரு அடுக்குக் கட்டிலிலும் ஏறிப் படுத்து, "இதான்மா, இதையே வாங்கிடலாம்" என்றார்கள். எனக்கும் மனசு போனது, இல்லை என்று சொல்லமாட்டேன். கண்காட்சி விளக்கில் எல்லா டிரெய்லரும் அழகு. அங்கே நின்ற விற்பனையாளர் எங்கள் வண்டி எது என்று கேட்டார். மூன்று வரிசை எஸ்.யூ.வி., இழுவைத் திறன் 5,000 பவுண்டு என்றோம். "அப்புறம் என்ன, இது காலியாக 4,300 பவுண்டுதான், தாராளமாக இழுக்கும்" என்று 25 அடி நீளமுள்ள ஒன்றைக் காட்டினார்.

நான் கார்த் தொழிலில் வேலை பார்க்கிறவள். எடைக் கணக்கு எனக்கு அன்றாடச் சோறு. அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் டிரெய்லர் வாங்கப் போகும் நம் ஆட்களில் பெரும்பாலோர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் போடும் எண், வண்டியில் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்துச் சோதித்த எண். ஜே 2807 என்று அதற்கு ஒரு தர விதி இருக்கிறது. பின் சீட்டில் பாட்டி, பேரன், பேத்தி, டிக்கியில் அரிசி மூட்டை, குக்கர், மடக்கு நாற்காலி எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. உங்கள் குடும்பத்துக்கான எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேலோடு என்பது அதுதான். ஒரே மாடலில் இரண்டு வண்டிக்குக்கூட அது மாறும். மேலே கண்ணாடிக் கூரை வைத்திருந்தால் குறையும், பெரிய சக்கரம் போட்டிருந்தால் இன்னும் குறையும்.

எங்கள் வண்டியில் 1,310 என்று இருந்தது. கண்காட்சியிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் 305. குழந்தைகள் 145. அம்மா 130. ஆக 580 போக மிச்சம் 730. காருக்குள் வைக்கும் சாமான் குறைந்தது 160, மிச்சம் 570. டிரெய்லரைக் காரோடு இணைக்கப் பின்னால் மாட்டுகிற எடை பகிரும் ஹிட்ச், அதுவே இரும்புக் குண்டு, 90 பவுண்டு. கடைசியில் மிஞ்சியது 480.

இந்த 480-தான் டிரெய்லரின் மூக்கு எங்கள் காரின் முதுகில் அழுத்தலாம் என்கிற எடை. டங் வெயிட் என்பார்கள். டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வர வேண்டுமானால் அதன் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் வரை மூக்கில் இருக்க வேண்டும். 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 480 பவுண்டு மூக்கு எடைக்கு 4,000 பவுண்டு டிரெய்லர். அதுவும் காலியாக இல்லை, தண்ணீர், பாத்திரம், படுக்கை, பையனின் சைக்கிள் எல்லாம் ஏற்றிய பிறகு. அந்த விற்பனையாளர் காட்டிய டிரெய்லரில் எங்கள் சாமானை ஏற்றினால் 5,000-ஐத் தொடும். மூக்கு எடை 600. ஸ்டிக்கர் அனுமதிப்பதைவிட 120 பவுண்டு அதிகம். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும்! எந்த அம்மாவுக்காக வாங்கப் போனோமோ அவளை இறக்கிவிட்டால்தான் கணக்கு ஒத்துவருகிறது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

மூக்கு எடை குறைந்தால் நல்லதுதானே, எல்லாச் சாமானையும் டிரெய்லரின் பின்பக்கம் வைத்துவிடலாமே என்று என் கணவர் கேட்டார். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. பின்பாரம் ஏறினால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஒரு லாரி முந்தும்போது காற்று தள்ளுகிற சின்னத் தள்ளல் போதும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் வால்தான் காரை ஓட்டும். மாட்டு வண்டியில் பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்குமே, அதே சங்கதிதான், வேகம் மட்டும் 65 மைல். அரிசி, தண்ணீர் கேன் மாதிரி கனமானவை எல்லாம் அச்சுக்கு முன்னால்தான் போக வேண்டும்.

ஆக, ஏற்றி முடித்து 4,000 பவுண்டு. ஏறக்குறைய 1,800 கிலோ. அதற்குள் ஐந்து பேர் படுக்க வேண்டும். தேட வேண்டிய காடு சட்டென்று சின்னதாகிவிட்டது.

மடித்து விரிக்கும் பாப்-அப் வகை ரொம்ப லேசு. ஆனால் துணிச் சுவர், ஈரத்தோடு மடித்தால் வீட்டுக்கு வந்து மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் தனிக் கழிப்பறையும் கிடையாது. ஷெர்மன் கதைதான் திரும்பும். கண்ணீர்த்துளி வடிவில் வருகிற டியர்டிராப் இரண்டு பேருக்கு. ஃபிப்த் வீல் வகையைப் பிக்கப் லாரியின் பின் தொட்டியில்தான் மாட்ட வேண்டும், அது எங்களிடம் இல்லை. இருபுறமும் துணிக்கட்டில் நீளுகிற ஹைப்ரிட் ஒன்றை ஒரு வாரக் கடைசியில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். வாங்குமுன் வாடகைக்கு எடுப்பது நூறு வீடியோ பார்ப்பதைவிட மேல், அதை அடித்துச் சொல்வேன். குழந்தைகளுக்கு அந்தத் துணிக்கட்டில் சொர்க்கம். ஆனால் இடுப்பு உயரத்துக்கு ஏறிப் படுக்க வேண்டும், ராத்திரி குளிர் நேராக உள்ளே வந்தது. கடைசியில் 'பங்க்ஹவுஸ்' என்கிற வகைக்கு வந்து நின்றோம். முன்பக்கம் ஒரு பெரிய கட்டில், பின்மூலையில் ரயில் பெட்டியில் இருப்பது போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, பக்கத்தில் கழிப்பறை, நடுவில் சாப்பாட்டு மேஜை. ராத்திரி அந்த மேஜை இறங்கி இன்னொரு படுக்கையாகும்.

அதற்கப்புறம் எந்த டிரெய்லரைப் பார்க்கப் போனாலும் ஒத்திகை நடத்தினோம். அந்த வருஷம் ஏப்ரல் தொடக்கத்திலேயே அம்மா வந்துவிட்டாள், அவளையும் கூட்டிக்கொண்டு போவோம். வெளியே மழை, மணி ஒன்பது, எல்லோரும் உள்ளே என்று வைத்துக்கொண்டு ஐந்து பேரும் கதவைச் சாத்திக்கொள்வது. அவரவர் இடத்தில் அவரவர் படுப்பது. பிறகு ஒருவர் எழுந்து, மற்றவரை மிதிக்காமல் கழிப்பறைக்குப் போய் வருவது. விளம்பரத்தில் 'ஆறு பேர் படுக்கலாம்' என்று போட்ட ஒரு டிரெய்லரில் ஐந்து பேர் நிற்கவே முடியவில்லை. இன்னொன்றில் பெரிய கட்டில் மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டியிருந்தது, உள்பக்கம் படுப்பவர் வெளிப்பக்கம் படுப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். பார்க்க ரொம்பப் பிடித்திருந்த ஒன்றில் அம்மா கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தப் பார்த்தாள். முழங்கால் கதவில் இடித்தது. "வேண்டாம்டி" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். அதோடு அதை விட்டோம்.

சுவரையே வெளியே தள்ளி இடத்தைப் பெரிதாக்கும் ஸ்லைடு-அவுட் வைத்த டிரெய்லர் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்லைடை உள்ளே இழுத்து மூடச் சொல்லுங்கள். மூடின நிலையில் கழிப்பறைக்குப் போக முடிகிறதா, குளிர்பெட்டி திறக்கிறதா என்று பாருங்கள். ஐந்து மணி நேரப் பயணத்தில் வழியில் நிறுத்தும்போது அது மூடித்தான் இருக்கும். எங்களுக்கு ஸ்லைடு வேண்டாம் என்று முடிவானதற்கு அதன் எடைதான் முதல் காரணம்.

கீழ்ப் படுக்கை அம்மாவுக்கு என்பதில் குழந்தைகளுக்கே சந்தேகமில்லை. ஊரில் ரயிலில் போகும்போது லோயர் பெர்த் பாட்டிக்குத்தான் என்று பார்த்துப் பழகியவர்கள். பார்க்க வேண்டியதாக இருந்தது இரண்டு: நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து எழும் உயரம், உட்கார்ந்தால் மேல்படுக்கை தலையில் தட்டாத இடைவெளி. பல பங்க்ஹவுஸ்களில் இந்த இடைவெளி குழந்தைகளுக்குத்தான் போதும், பெரியவர்கள் உள்ளே உருண்டுதான் போக வேண்டும். ஒரு டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தோம்.

புதிது வாங்குவதா, பழையதா? எங்கள் தேவைக்கான புது டிரெய்லர்கள் 20,000 டாலரைச் சுற்றி இருந்தன. பதினைந்து வருஷக் கடன் தருகிறோம், மாதத் தவணை ரொம்பக் குறைவு என்றார்கள். பதினைந்து வருஷம்! அதற்குள் என் பையன் கல்லூரி முடித்திருப்பான், டிரெய்லரின் கூரை எப்போதோ ஒழுக ஆரம்பித்திருக்கும். மதிப்பு வேகமாக இறங்குகிற ஒரு பொருளுக்கு இவ்வளவு நீண்ட கடன் வாங்காதீர்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கெஞ்சிச் சொல்வேன். கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றதை வாங்கினால் போதும். நாங்கள் பழையதைத் தேடினோம். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் காட்டுக்குக் கிளம்பியதில், 2021-இல் மட்டும் அமெரிக்காவில் 6 லட்சம் ஆர்.வி.கள் தொழிற்சாலையிலிருந்து வெளியே போயின. அதற்குமுன் எந்த ஆண்டிலும் அவ்வளவு இல்லை. அவற்றில் பெரும்பகுதி எங்களுக்குப் பக்கத்து மாநிலமான இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில் செய்தவை. அந்தக் காலத்து டிரெய்லர்கள் சிலவற்றைப் பார்த்தோம். இழுப்பறை சரியாகச் சேராமல், மூலையில் பசை பிதுங்கி, அவசரம் கண்ணுக்கே தெரிந்தது. அதற்கு முந்தையதாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

பழைய டிரெய்லரின் பரம எதிரி தண்ணீர். பெரும்பாலானவற்றில் மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய பலகை, வெளியே ஃபைபர் தகடு. கூரையில் காற்றுப்போக்கி, கழிப்பறைக் குழாய், ஆன்டெனா என்று ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்தால் மழைத் தண்ணீர் சத்தமில்லாமல் சுவருக்குள் இறங்கும். வெளியே தெரிவதற்குள் உள்ளே சட்டம் மக்கியிருக்கும். ஒரு டிரெய்லரைப் பார்க்கப் போனோம். விலை மலிவு, தரை பளபள, உள்ளே வாசனைத் திரவியம் கமகமவென்று. எனக்கு அந்த வாசனையே உறுத்தியது. கீழ்ப் படுக்கையின் மெத்தையைத் தூக்கி, ஜன்னலுக்குக் கீழ்மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். காப்பியில் ஊறின பிஸ்கட் மாதிரி விரல் உள்ளே போனது. அம்மா தலைவைத்துப் படுத்திருக்க வேண்டிய மூலை அது. வெளியே வந்து, வெயில் சாய்வாக விழும்படி பக்கச் சுவரோடு கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்து நீளவாக்கில் பார்த்தேன். தகடு அங்கங்கே அப்பளம் உப்பின மாதிரி எழும்பியிருந்தது. விற்றவரிடம் ஒன்றும் சொல்லாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். காரில் ஏறினதும் அம்மாதான், "நல்ல வேளை, அமுக்கிப் பாத்தே" என்றாள்.

ஏணி ஒன்று எடுத்துப் போய்க் கூரையைப் பார்க்காமல் பழைய டிரெய்லர் வாங்கக்கூடாது. ஈரம் காட்டுகிற மீட்டர் ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, அதையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் என் கட்டைவிரல் எனக்கு நன்றாகவே உழைத்தது.

ஏப்ரல் கடைசியில் கிடைத்தது எங்களுடையது. 2017 மாடல், ஒற்றை அச்சு, காலி எடை 3,050 பவுண்டு, ஏற்றலாம் என்று அனுமதித்த மொத்த எடை 3,900. விலை 11,500 டாலர், அதன்மேல் மிச்சிகனின் 6 சதவீத வரி. கீழ்ப் படுக்கையிலிருந்து கழிப்பறைக் கதவு நாலே எட்டு. அம்மா உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். டயரை மட்டும் உடனே மாற்றினோம். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்களுடையதில் 3816 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். தேய்மானமே இல்லை, புதிது மாதிரிதான் இருந்தது. ஆனால் டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். ஆறு வயதுக்கு மேல் அதை நம்பி, ஒற்றை அச்சில் குடும்பத்தோடு போக எனக்கு மனசு வரவில்லை.

முதல் பயணத்துக்கு முன் நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தத்தில் கேட் (CAT) ஸ்கேல் என்கிற எடைமேடையில் ஏற்றினோம். எல்லோரும் காருக்குள், சாமான் எல்லாம் அதனதன் இடத்தில். டிரெய்லர் மொத்தம் 3,720, அதில் மூக்கு எடை 460. கண்காட்சி நாளில் தாளில் போட்ட கணக்கு நிஜ எடையாகச் சீட்டில் அச்சாகி வந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரிது. தண்ணீர்த் தொட்டியைக் கிட்டத்தட்ட காலியாக வைத்துத்தான் கிளம்புவோம். ஒரு காலன் 8.3 பவுண்டு, 30 காலன் நிரப்பினால் 250 பவுண்டு, இரண்டு அம்மா எடை. முகாமில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். தோட்டத்து விறகை ஏற்றிக்கொண்டு போகக் கணவருக்கு ஆசை. அதற்கும் இடமில்லை. எடை ஒருபுறம், விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவே கூடாது என்பது இன்னொருபுறம். ஆஷ் (ash) மரங்களைத் தின்று அழித்த பச்சை வண்டு அமெரிக்காவில் 2002-இல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தூரம் தொலைவு பரவியதே இப்படி விறகோடு விறகாகப் பயணம் செய்துதான்.

சமையலைப் பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலான முகாம்களில் கிடைப்பது 30 ஆம்பியர் இணைப்பு, 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது இன்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகும். அது பழகிவிடுகிறது. பழகாதது தாளிப்பு. பதினெட்டு அடி வீட்டில் கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகினால் புகை எச்சரிக்கை மணி காது கிழியக் கத்தும். சிலர் அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து செய்யாதீர்கள். காஸ் அடுப்பு, ஒரே கதவு, உள்ளே தூங்கும் குழந்தைகள். அந்த மணிதான் காவல். நாங்கள் தாளிப்பையும் தோசையையும் வெளியே கொண்டுபோய்விட்டோம். மடக்கு மேஜை, அதன்மேல் இரட்டை அடுப்பு, மேலே டிரெய்லரின் பக்கத்திலிருந்து பந்தல் மாதிரி நீளுகிற ஆனிங் துணி. காலையில் பைன் மரங்களுக்கு நடுவில் அம்மா தோசை வார்க்க, பக்கத்து முகாம்காரர் மோப்பம் பிடித்து வந்து நின்றதெல்லாம் நடந்தது. இட்லியும் வெளியேதான். உள்ளே ஆவி பிடித்தால் ஜன்னல், சுவர் எல்லாம் வியர்த்துக் கொட்டும். ஐந்து பேர் மூச்சே ஒரு ராத்திரிக்குப் போதுமான ஈரம்.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன். பல டிரெய்லர்களில் கழிப்பறையில் கையில் பிடித்து அடிக்கிற சின்னத் தண்ணீர்க் குழாய் இருக்கும், நம் பழக்கத்துக்கு வசதி, வாங்கும்போது கேளுங்கள். பாத்திரம் கழுவும், குளிக்கும் தண்ணீர் ஒரு தொட்டிக்கும் கழிவு இன்னொரு தொட்டிக்கும் போகும். சீக்கிரம் நிரம்புவது பாத்திரம், குளியல் தண்ணீர்த் தொட்டிதான். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் இரண்டு நாள் கூடுதலாக வரும். குளியலுக்கு முகாமின் குளியலறை. கிளம்பும் நாளில் கழிவுத் தொட்டியை முதலில் திறந்து, மற்றதைப் பிறகு திறந்தால் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொண்டால் பத்து நிமிட வேலை.

ஜூலையில் வடக்கே, மிச்சிகனின் வடபாதியான அப்பர் பெனின்சுலாவுக்குப் போனோம். நடுவில் மாக்கினாக் பாலம், 1957-இல் திறந்தது, கரைக்குக் கரை 5 மைல். அன்றைக்குக் காற்று. டிரெய்லர்களை நிறுத்தி வைத்து, துணை வண்டி முன்னே போக, 20 மைல் வேகத்தில் வரிசையாக அழைத்துப் போனார்கள். நடுப்பாலத்தில் ஏரிக் காற்று டிரெய்லரின் விலாவில் ஒரு தள்ளுத் தள்ளியது. கணவரின் கை முட்டிகள் வெளுத்திருந்தன. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரெய்லர் ஒரு முறை அசைந்து, அப்படியே நேராகிவிட்டது. பின் சீட்டில் அம்மா பையனுக்குக் கீழே போகும் கப்பலைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த 25 அடி டிரெய்லரோடு இங்கே வந்திருந்தால் என்று ஒரு நொடி நினைத்தேன்.

அக்டோபரில் குழாய்த் தண்ணீர் முழுவதையும் வடித்து, குளிரில் உறையாத இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றி, சிங்க்கில் ரோஸ்மில்க் மாதிரி வரும்வரை ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூட வேண்டும். மிச்சிகன் குளிரில் ஒரு மூலையில் தண்ணீர் தங்கினாலும் குழாய் வெடிக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் டிரெய்லர் நிறுத்த விடாது, மாதம் 65 டாலருக்கு வெளியே ஓர் இடம். வாங்குமுன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட் பார்க் இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், நல்ல இடங்கள் நிமிடங்களில் போய்விடும். போன டிசம்பரில் டக்வாமெனன் அருவிப் பூங்காவுக்கு அப்படி உட்கார்ந்தேன். தேவதாரு சதுப்பு நிலங்களிலிருந்து வருவதால் அந்த ஆறு டிகாக்‌ஷன் நிறத்தில் ஓடும். அம்மா கும்பகோணத்தில், வீடியோ காலில். அங்கே மாலை ஆறரை, விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். கூடாரம் போட்ட காலத்தில் அவளுக்காக எப்போதும் கழிப்பறைக் கட்டடத்துக்கு ஒட்டின இடத்தைத்தான் பிடிப்போம், ராத்திரி முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும். பழக்க தோஷத்தில் அன்றும் வரைபடத்தில் அந்த இடத்தில்தான் கையை வைத்தேன்.

"அது எதுக்கு இப்போ?" என்றாள். "ஆத்தங்கரை ஓரமா ஏதாவது இருக்கா பாரு."

ஒன்று இருந்தது.